மேடை இல்லாத மண்டபம்

“மேடை வேணாம்மா,” என்றார் கோவிந்தன். பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மகள் சுனிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

மாரிகுப்பத்தில் பழைய சமுதாயக் கூடத்தை இடித்த இடத்தில் புது மண்டபம் வரப்போகிறது. அதற்கு வரைபடம் போடும் அனுப்ரியா, பெங்களூரிலிருந்து வந்து, அட்டையில் செய்த குட்டி மண்டபத்தை மேஜைமேல் வைத்து, சுரங்கத் தொழிலாளர் காலனிக்காரர்களுக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டுவதற்கு முன்னால் யாரும் இவர்களைக் கேட்டதே கிடையாது. அதனால் முதலில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

திறந்த பிறகு மூடவும் இல்லை. காலனிச் சங்கச் செயலாளர் வாசு, வாசலில் வளைவும் இரண்டு பக்கமும் யானைத் தலையும் கேட்டார். இன்னொருவர் ஏசி கேட்டார். கலர் லைட், கண்ணாடிக் கதவு, மேடையில் ராஜா ராணி நாற்காலி என்று ஆசைகள் வளர்ந்துகொண்டே போயின.

அனுப்ரியாவுக்கு அழாத குறை. இப்போதெல்லாம் ஊர் மண்டபம் என்றால் நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும், எல்லாரும் ஒரே மட்டத்தில் உட்கார வேண்டும் என்பது அவள் கட்சி. அதற்காக ஆபீசில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கோவிந்தன் பேசினார். தங்கச் சுரங்கம் மூடும்வரை அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். கூட்டத்தில் அவர் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

மேடை வேண்டாம், சுவரும் வேண்டாம், காற்று வந்தால் போதும் என்றார். நடுவில் தூண் வரக்கூடாது, நடு இடம் காலியாக இருக்க வேண்டும், ஜனங்கள் சுற்றி உட்கார ஓரமாக சிமெண்ட் பெஞ்சு போடவேண்டும். வாசலில் படி கட்டாமல் அகலமாகச் சரிவு வைத்தால் நல்லது.

அனுப்ரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் கட்சிக்கு இந்த ஊரிலேயே ஓர் ஆள் கிடைத்துவிட்டார் என்று உற்சாகமாக எழுதிக்கொண்டாள்.

“தண்ணிக் கொழாய வெளிய வையுங்க. வந்தவங்க போறப்போ கால் கழுவிக்கினு போவணும்,” என்றார் கோவிந்தன். அவள் குழாயையும் வெளியே வரைந்தாள்.

வாசுவுக்கு யானைத் தலை போன வருத்தம். ஆனாலும் விஷயம் புரிந்துவிட்டதுபோல் சிரித்தார்.

“இன்னா கோவிந்தண்ணா, வீட்ல விசேஷமா? எங்க யாருகிட்டயும் சொல்லவே இல்லயே?”

எல்லாரும் சுனிதாவைப் பார்த்தார்கள். தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிற பெண். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதில் அவளைவிடக் காலனிக்குத்தான் கவலை அதிகம். கோவிந்தன் அனுப்ரியா பக்கம் திரும்பினார்.

“கம்பெனி குடுத்த லைன் வீடு எங்களுது, ஒரே ரூமு,” என்றார். “போன தடவ ஜனம் வந்தப்போ மழ புடிச்சுக்கிச்சு. பாவம், தெருவுல நனைஞ்சுக்கினே நின்னாங்க. இந்தத் தடவ யாரும் அப்பிடி நிக்கக் கூடாதும்மா.”

அனுப்ரியாவுக்கு மனசு இளகிவிட்டது. பூ தொங்கவிடக் கொக்கி வைக்கட்டுமா, விளக்கு எந்தப் பக்கம் வேண்டும் என்று சுனிதாவிடம் ஆசையாக விசாரித்தாள். அப்பா சொன்னபடியே இருக்கட்டும் என்றாள் சுனிதா. முகத்தில் வெட்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. வேலைக்குப் போய்வந்து வீட்டையும் பார்க்கிற பெண்ணுக்கு அலுப்பு இருக்காதா என்று அனுப்ரியா தானே சமாதானம் செய்துகொண்டாள்.

எப்போது கட்டி முடியும் என்று கோவிந்தன் கேட்டார். தை பிறந்ததும் திறந்துவிடலாம் என்றாள் அவள். கொஞ்சம் முன்னால் ஆகாதா என்றார். மழைக்காலம் இருக்கிறது, கான்ட்ராக்டர் ஆள் கொண்டுவர வேண்டும், அவசரப்பட்டால் வேலை கெட்டுவிடும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

கோவிந்தன் அட்டை மண்டபத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதன் கூரையை ஒரு விரலால் தொட்டார். சுனிதா அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தரகூட அப்புறம் போட்டுக்கலாம். கூர மட்டும் சீக்கிரம் போட்டுக் குடுத்தா போதும்மா.”

வாசு உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அனுப்ரியாவும் சிரித்தாள்.

“தரையே இல்லாத மண்டபத்துல கல்யாணமா அங்கிள்? மாப்பிள்ளை வீட்டுல ஒத்துக்குவாங்களா? தையிலயே முகூர்த்தம் வெச்சுக்குங்க, நானே நின்னு முடிச்சுத் தரேன்.”

கோவிந்தன் குரலில் எந்த மாற்றமும் இல்லை.

“தை வரைக்கும் நான் தாங்க மாட்டேன்மா, என்னக் கிடத்தறதுக்குத்தான் கேக்கறேன்.”