வாடகைச் சிரிப்பு

"போன வாரம் நீ சிரிச்சது இருமுற மாதிரி இருந்துச்சும்மா," என்றான் சிரிப்பு மேஸ்திரி. தொலைக்காட்சியில் வாராவாரம் செய்திகளைக் கிண்டல் செய்யும் நிகழ்ச்சிக்கு, கூலிக்குச் சிரிக்க ஆள் கூட்டி வருபவன் அவன். "இன்னைக்கும் அப்படின்னா வேற ஆளைப் பார்த்துக்குவேன்."

"வீட்டுக்காரருக்கும் வேலை இல்லண்ணே. வயிறு வலிக்கச் சிரிக்கிறேன், பாருங்க," என்றவள் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு அரங்கத்துக்குள் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

மேடையில் நின்றவருக்கு மந்திரி வேஷம் கனகச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

"விலைவாசி ஏறவில்லை. உங்கள் சம்பளம்தான் கீழே நிற்கிறது," என்றார்.

அவள் குலுங்கிச் சிரித்தாள். பின்வரிசைகளும் சேர்ந்துகொண்டன.

"நான் போய்வந்த உலக மாநாடு மாபெரும் வெற்றி. போரை உடனே நிறுத்துவது பற்றி அடுத்த ஆண்டு பேசலாம் என்று ஒருமனதாக முடிவெடுத்தோம்."

இந்த முறை அவளுக்குக் கூலி நினைவே வரவில்லை. கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

முடிந்து வெளியே வந்தபோது மேஸ்திரி வியர்த்து நின்றான்.

"இப்போ சரியாச் சிரிச்சேனாண்ணே?"

"கெடுத்தியேம்மா. நம்ம நிகழ்ச்சி மாடியில. இங்க பேசினவர் நிஜ மந்திரி."

"அப்போ மாடியில யாரு?"

"இவருக்குக் கைதட்டக் கூட்டிட்டு வந்த ஆளுங்க. அரசாங்கத்தைக் கிண்டல் பண்ணுற ஒவ்வொரு வரிக்கும் எழுந்து நின்னு தட்டுறாங்க."

"என் வேலை போச்சாண்ணே?"

அதற்குள் மந்திரியின் உதவியாளர் அவளைத் தேடி வந்தார்.

"அக்கா, ஐயாவுக்கு ரொம்ப சந்தோஷம். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் ஜனங்க தூங்காம இருந்தது இதுதான் முதல் தடவையாம். அடுத்த கூட்டத்துக்கும் நீங்களே வந்துடுங்க."