தனி அறை இருக்கிறதா?

"ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா?" என்று கேட்டார் லேப்டாப் திரையில் இருந்த மேனேஜர்.

"இருக்கு சார். போட்டுட்டா வெளியில யார் கத்தினாலும் கேக்காது," என்றாள் அவள். அது அறையே இல்லை, ஹால். தாழ்ப்பாள் என்றால் வாசல் கதவுத் தாழ்ப்பாள்தான்.

லேப்டாப்புக்குப் பின்னால், கேமராவின் கண்ணில் படாத மூலையில், மாமனார் கட்டிலில் படுத்திருந்தார். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதமாகிறது. அரை மணி நேரம் இருமக்கூடாது என்ற மருமகளின் உத்தரவுப்படி, போர்வை நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

கணவனுக்குக் கப்பலில் வேலை. "ஆபீஸா, மாமனாரா, நீங்களே முடிவு பண்ணிக்கங்க" என்று பழைய கம்பெனியில் பெரிய மனதோடு சொல்லிவிட்டார்கள். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலைக்கு அவள் ஏறி இறங்கிய இன்டர்வியூக்களில் இது ஏழாவது. இதுவும் கைநழுவினால் அப்பாவை முதியோர் இல்லத்தில் விட்டுவிடலாம் என்று கணவன் நேற்று போனில் சொன்னான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. மாமனார் காதில் விழாதது மாதிரி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வீட்லேர்ந்தே வேலை பாக்கணும்னு ஏன் நினைக்கிறீங்க?" இது எச்.ஆர். அம்மாள். மொத்தமே நாலு பேர் இருக்கிற கம்பெனி, அதற்கும் ஒரு எச்.ஆர்.

இந்தக் கேள்விக்கு அவள் வீடியோ பார்த்துத் தயாராகியிருந்தாள். குடும்பக் கஷ்டத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது, உழைப்பு உழைப்பு என்று மட்டுமே பேச வேண்டும் என்பது வீடியோ வாத்தியாரின் உபதேசம். அவருக்கு எங்கே வேலை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

"பஸ்ல போக வர வீணாகுற நாலு மணி நேரத்தையும் கம்பெனிக்கே குடுத்துடலாம்னுதான் மேடம்."

எச்.ஆர். அம்மாள் அதைக் குறித்துக்கொள்ளக்கூட இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் ஒரு நீள மேஜையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். புது மேஜை வாங்கியிருக்கிறார்கள், வசதியான கம்பெனிதான் என்று அவளுக்குத் தெம்பு வந்தது.

"ஜன்னல் எத்தனை?" என்றார் மேனேஜர்.

"ரெண்டு சார். நல்ல வெளிச்சம்."

"பாத்ரூம் பக்கத்துலயா?"

"ரூமோட சேந்தே இருக்கு சார்." பாத்ரூமுக்கு நடக்கிற நிமிஷத்தைக்கூடச் சம்பளத்தில் பிடிக்கிற ரகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பழைய மேனேஜர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று மூச்சு விடுவார். அதற்கு இது எவ்வளவோ தேவலை.

"மேஜை, நாற்காலி எல்லாம் கம்பெனியே அனுப்பிடும். இடம் இருக்குமா?"

"பந்து விளையாடலாம் சார், அவ்வளவு இடம்." கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். மாமனார் கட்டிலிலிருந்து அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"பகல்ல வீட்ல வேற யாரு இருப்பாங்க?"

"யாருமே இல்ல சார். நான் மட்டும்தான்."

மூன்றடி தூரத்தில் படுத்திருக்கிற மனிதரை இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. மாமனாரோ போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

மேனேஜரும் எச்.ஆர். அம்மாளும் மைக்கை அணைத்துவிட்டு ஏதோ பேசிக்கொண்டார்கள். படித்ததைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, பார்த்த வேலையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. இதுவும் போச்சு என்று அவள் முடிவுகட்டியபோது மைக் உயிர் பெற்றது.

"வாழ்த்துக்கள். உங்களை எடுத்துக்கிட்டோம். உங்க அட்ரஸை மட்டும் இப்பவே அனுப்பிடுங்க."

உடனே அனுப்பினாள். பிறகு தன் மைக்கை அணைத்துவிட்டு, "மாமா, கிடைச்சிடுச்சு. நீங்க எங்கயும் போக வேணாம்," என்றாள். அவர் அரை மணி நேரமாகச் சேர்த்து வைத்திருந்த இருமலை எல்லாம் மொத்தமாக இருமித் தீர்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டது இருமலால்தான் என்று அவளும் நம்பினாள். இனி எந்த மேனேஜரும் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்க முடியாது. பிடிக்காவிட்டால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், ஆள் காணாமல் போய்விடுவார்.

அவள் மறுபடி மைக்கைப் போட்டபோது மேனேஜர் ரொம்ப உற்சாகமாக இருந்தார்.

"இன்னொரு விஷயம். உங்களுக்கு மட்டும் இல்ல, இனிமே நம்ம கம்பெனில எல்லாருக்குமே வீட்லேர்ந்துதான் வேலை. ஆபீஸை இன்னிக்கோட காலி பண்றோம்."

"ரொம்ப நல்ல முடிவு சார்," என்றாள் மனதார.

"முடிவு நல்லதுதான். என்ன பண்றது, எங்க யார் வீட்லயும் தனி ரூம் இல்ல."

"அடடா. அப்ப என்ன சார் பண்ணப் போறீங்க?" என்று அவள் உண்மையான அக்கறையோடு கேட்டாள்.

"திங்கக்கிழமை காலைல ஒம்போது மணிக்கு நாங்க நாலு பேரும் உங்க வீட்டுக்கு வந்துடுறோம்."