மரியாதை தெரிந்த கடத்தல்காரன்

பூசான் நகரத் திரையரங்கில் காய்ந்த கணவாய் மீனை மென்றபடி மன்சு சிரித்துக்கொண்டிருந்தார். இந்தப் படம் இவருக்குப் பிடித்தாக வேண்டுமே என்று மனைவி ஒக்பூன் தவித்தாள்.

திரையில், முகமூடி போட்ட கடத்தல்காரன் வயதான விமானியின் நெற்றியில் துப்பாக்கியை வைத்தான்.

"விமானத்தைத் திருப்புங்க ஐயா!"

"கேட்டியா ஒக்பூன்? சுடப்போறவன் 'ங்க' போடறான்! அடுத்து குனிஞ்சு கும்பிடுவான் பாரு. இவனையெல்லாம் எவன்டி நடிக்கக் கூப்பிட்டான்?"

"மெதுவாப் பேசுங்க."

"நம்ம தெரு நாய்கூட இதைவிட நல்லா மிரட்டும்!"

கடைசிக் காட்சியில் முகமூடி கழன்றது. மன்சுவின் சிரிப்பு பாதியில் நின்றது. வங்கியில் வேலை பார்ப்பதாக அவர் நம்பியிருந்த மகன்!

"எழுதிக் கொடுத்தது 'திருப்புடா'ன்னுதானாம்" என்றாள் ஒக்பூன். "பெரியவங்களை மரியாதையில்லாமப் பேசினா பல்லைத் தட்டிடுவேன்னு வளத்தது யாருங்க?"