தளபதி மந்திரியான ஆண்டு

“இன்னும் அந்த ஆளோடை சண்டைதானோ அப்பா?” நோர்வேயின் லில்லெஸ்ட்ரோம் நகரிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை வரும் மகள் யதுர்ஷா, சப்பாத்தைக் கழற்றியபடியே கேட்டாள்.

இரத்தினவேல் அரைமனதோடு கணினியை மூடினார். “பின்னை விடுறதே? சீனாவிலை ராசாவின்ரை ஆட்சி கவிழ்ந்த பிறகு, இந்தத் தளபதி வாளை வைச்சுப்போட்டு மந்திரியானது 1917இலை எண்டு நான் எழுதுறன். அந்த மனுசன் உடனை வந்து 1913 எண்டு மாத்துது. மூண்டு மாசமா ஒவ்வொரு நாளும் இதே நேரம் இதே கூத்து!”

அந்தத் தளபதியைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் வேறு எவரும் எட்டிப் பார்க்காத கட்டுரை அது. திருத்துகிறவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ, பெயர்கூடத் தெரியாது.

யதுர்ஷா பையிலிருந்து நூலகப் புத்தகம் ஒன்றை எடுத்து விரித்தாள். “உங்களுக்காகத் தேடி எடுத்தனான். பாருங்கோ, 1913தான். அவர் சொல்லுறதுதான் சரி. இனியாவது விடுங்கோ.”

“ஓம் பிள்ளை, விட்டுடுறன்.”

சமைத்துச் சாப்பிட்டு, தேநீரும் குடித்துவிட்டு அவள் ரயிலுக்கு ஓடியதும், அம்மருட்டில் அவர் தனியே இருக்கும் வீடு பழையபடி ஓய்ந்துபோனது.

இரத்தினவேல் மேசை லாச்சியைத் திறந்தார். அதே புத்தகம் அங்கேயும் இருந்தது. 1913 என்ற வரியின் கீழ் அவர் எப்போதோ இழுத்த பென்சில் கோடு மங்கத் தொடங்கியிருந்தது. லாச்சியை மூடிவிட்டுக் கணினியைத் திறந்து, வழக்கம்போல 1917 என்று தட்டினார்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஆண்டு திருத்தப்பட்டது. இம்முறை அதன் கீழே, முதன்முதலாக ஒரு வரியும் வந்திருந்தது:

“இன்று மூன்று மணி நேரம் பிந்திவிட்டீர்கள் ஐயா. சுகம்தானே?”