பெருக்கல் குறி போட்ட இடம்

“கண்ணு போன டிரைவரை வெச்சிக்கிட்டு நான் என்னம்மா பண்றது? சொந்த விருப்பத்துல வேலையை விடறேன்னு ராஜாமணி எழுதிக் கொடுக்கட்டும். நீ லெட்டரை டைப் பண்ணிடு” என்றார் அதிகாரி திருநாவுக்கரசு.

“சரிங்க சார்” என்றாள் கிளார்க் ரேகா. அந்தச் சிதம்பரம் அலுவலகத்தில் அவள் எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை.

மறுநாள் ராஜாமணி வந்தார். ஆபீஸ் ஜீப் கவிழ்ந்ததில் பார்வை போனவர். ரேகா கடிதத்தை அவர் காதோரம் படித்தாள். ஒரு முறைக்கு இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டபின், அவள் விரல் பிடித்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்து அதிகாரி. ரேகா பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவது அவர் வழக்கம். போனில் பேசியபடியே போட்டார். கடிதம் அன்றே கடலூர் தலைமை அலுவலகத்துக்குப் போனது.

அடுத்த வாரம் கடலூரிலிருந்து போன்.

“ராஜாமணிக்கு அதே சம்பளத்துல டெலிபோன் ஆபரேட்டர் வேலை போட்டாச்சு. அங்க வந்து ஆர்டரை வாங்கிக்கச் சொல்லி அவருக்கும் தகவல் சொல்லிட்டோம். சட்டமெல்லாம் எடுத்துக் காட்டி நல்லா பரிந்துரை பண்ணியிருக்கீங்க சார்!”

போனை வைத்தவர் கத்தினார். “என்னம்மா டைப் பண்ணி வெச்ச?”

“சட்டத்தைத்தான் சார். வேலையில இருக்கும்போது ஊனமானவங்களை வீட்டுக்கு அனுப்பக் கூடாது, வேற வேலை கொடுக்கணும்னு தொண்ணூத்தஞ்சுலயே சொல்லிட்டாங்க. ரெண்டாயிரத்துப் பதினாறுல திரும்பவும் சொன்னாங்க. எத்தனை தடவைதான் சொல்லுவாங்க?”

“ஏமாத்தித்தானே என்கிட்ட கையெழுத்து வாங்கின?”

ஆர்டர் வாங்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராஜாமணி எழுந்து நின்றார்.

“நான் முழுசா கேட்டுட்டுத்தான் சார் கையெழுத்துப் போட்டேன். கண்ணு இருக்கிற நீங்க ஏன் படிக்கல?”