வெள்ளைக்காரருக்குப் படையல்

“லீவு கிடைக்காதும்மா. இந்த ஆடிக்கு வெள்ளைக்காரருக்கு நீயே படையல் போட்டுடேன்” என்றான் சக்தி, ஓசூரிலிருந்து.

“உங்க தாத்தா காலத்துலேருந்து ஆம்பள கையால போடுறதுடா. தெய்வக்குத்தமாயிடும்” என்று போனில் அதட்டினாள் கொளஞ்சியம்மாள்.

பொங்கலுக்குக்கூட வராத மகன் பயந்துகொண்டு வந்துவிட்டான். உலக யுத்தத்தில் விமானம் விழுந்து இறந்த வெள்ளைக்காரரை அவர்களுடைய முந்திரிக்கொல்லையில்தான் புதைத்திருந்தார்கள். சக்தி சமாதிக்குச் சுண்ணாம்பு அடித்து, பன்னும் சிகரெட்டும் வைத்துக் கும்பிட்டான். அம்மா வைத்த கோழிக்குழம்பைச் சாப்பிட்டான். ஓசூர் திரும்ப நாலு மணி பஸ்ஸில் அரியலூருக்குக் கிளம்பிவிட்டான்.

பஸ் மறையும்வரை நின்றுவிட்டுக் கொல்லைக்குத் திரும்பினாள் கொளஞ்சியம்மாள். பக்கத்துக் கொல்லை வீரம்மாள் அங்கே நின்றிருந்தாள்.

“அவங்க நாட்டு ஆளுங்க வந்து எலும்பைத் தோண்டி எடுத்துட்டுப் போயி மூணு வருசமாச்சு. வெறும் குழிய மூடி நீயே சமாதி கட்டி வச்சிருக்க. இன்னும் உம் மவன்கிட்ட சொல்லலியா?”

கொளஞ்சியம்மாள் சமாதி மேலிருந்த பன்னை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“சொல்லிட்டா, அவன் யாரப் பாக்க வருவான்?”