மேட்டு வாய்க்கால்

"போட்ட கிழங்கு பூரா அழுகிப்போச்சு. நீங்க என்னடான்னா உட்கார்ந்து கயிறு திரிச்சுக்கிட்டிருக்கீங்க?"

பால்காரம்மா கேட்டதற்கு வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தவில்லை. மாடு மிதித்து வாய்க்கால் கரை சரிந்துவிட்டதாம், தண்ணீர் வடியவில்லையாம், நாளைக்குப் போய்ப் பார்க்கிறாராம். மழை விட்டதிலிருந்து இதே 'நாளைக்கு'தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த உருளைக்கிழங்கு விற்கிற காசை நம்பித்தான் மாடுகளுக்குத் தீவனமே.

ஊருக்கு மேலே, சதுப்பு மேட்டில் இருந்தது அவர்கள் நிலம். காலை வைத்தால் மெத்தென்று அமுங்கும் கறுப்பு மண். மழையையெல்லாம் குடித்து வைத்துக்கொண்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இருக்கிற ஊற்றுகளுக்கு விடும். "அதுதான் ஊருக்கே தண்ணிப்பானை, அதுல போய் ஓட்டை போடாதே" என்று ஊரே சொல்லிப் பார்த்தது. இவள் கேட்டால்தானே. எங்கள் நிலம், எங்கள் இஷ்டம் என்று வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துக் கிழங்கு போட்டாள். விளைச்சலும் அமோகம்.

ஊற்று வற்றியது ஒரே ஒரு வீட்டில்தான். நிலத்துக்கு நேர் கீழே இருந்த தையல்காரி வீடு. தையல்காரி வேறு யாருமில்லை, பால்காரம்மாவின் கூடப் பிறந்த தங்கை.

அக்காவுக்கும் தங்கைக்கும் அதற்கு முன்பே பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. ஒரு விசேஷ வீட்டில், நாலு பேர் நடுவில், "எங்க அக்கா பால்ல பாதி ஊத்துத் தண்ணிதான்" என்று தங்கை விளையாட்டாகச் சொல்லி வைக்க, வாடிக்கை வீடுகள் சில கழன்றுகொண்டன. அன்றிலிருந்து தங்கை வீட்டுப் பேச்சை எடுத்தால் சோறு கிடையாது என்று வீட்டுக்காரருக்கு உத்தரவு. தங்கை குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடப்பதை இவளும் பார்த்திருக்கிறாள். 'நல்லா வேணும்' என்றுதான் நினைத்தாள்.

"உங்களை நம்பினா விளங்கிடும்" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"நீ எதுக்குப் போறே, நானே போறேன்" என்று வீட்டுக்காரர் வாசல்வரை ஓடி வந்தார். வேலை என்றால் ஓடி வருகிற ஆளே இல்லை அவர். அப்போதே அவளுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். இருந்த கோபத்தில் எங்கே தட்டியது.

மேட்டில் போய்ப் பார்த்தால் கரை எங்கேயும் சரியவில்லை. வாய்க்காலுக்குக் குறுக்கே பலகையை நிறுத்தி, முளை அடித்து, மண்ணை அணைத்து யாரோ அடைத்திருந்தார்கள். பலகையை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அவள் வீட்டு மாட்டுக் கொட்டகையின் பழைய கதவு. விறகாக்கிவிட்டேன் என்று வீட்டுக்காரர் சொன்ன அதே கதவு.

அடப்பாவி மனுஷா என்று வாய்விட்டே சொன்னாள். மாடு பாவம், செய்யாத குற்றத்துக்கு இத்தனை நாள் திட்டு வாங்கியிருக்கிறது.

மண்வெட்டியைக் கையில் எடுத்தபோது கீழே குடம் வைக்கிற சத்தம் கேட்டது. தங்கை வீட்டுக் கொல்லை. ஊற்றில் தண்ணீர் தளும்பி நின்றது. தங்கை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். அக்காவின் கையில் இருந்ததையும் பார்த்தாள்.

"அக்கா."

அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

"மாமாவைத் திட்டாதேக்கா. நான்தான் அவர்கிட்ட அழுதேன். தண்ணி தூக்கித் தூக்கி இடுப்பே விட்டுப்போச்சு. உன்கிட்ட வந்து கேட்கப் பயமா இருந்துச்சு. வெட்டி விடணும்னா விட்டுடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பல் முளைக்காத வயதிலிருந்து தான் தூக்கி வளர்த்தவளுக்குத் தன்னிடம் ஒரு குடம் தண்ணீர் கேட்கப் பயம். பால்காரம்மா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மண்வெட்டியை ஓங்கினாள்.

வீடு திரும்பியபோது முழங்கால்வரை கறுப்புச் சேறு. வீட்டுக்காரர் வாசலில் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"வெட்டி விட்டுட்டியா?"

அவள் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பலகைக்கு அடியில ஒழுகிக்கிட்டே இருந்துச்சு. அடைக்கிறதுதான் அடைக்கிறீங்க, அதை ஒழுங்கா அடைக்கக் கூடாதா? புல்லோட மண்ணை வெட்டி வச்சு, ஏறி நின்னு நல்லா மிதிச்சுட்டு வந்திருக்கேன்."